மூன்றாம் நாள் வந்தவர்கள்

பிள்ளைகளே, 1968ஆம் ஆண்டு நான் சென்னையில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். திருநெல்வேலிச் சீமையில், மானூருக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து போனவன். பல்கலைக்கழகத்தில் ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்று விடுதிப் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். மூன்று நாள், மாலை நாலரை மணிக்கு. பேசுபவர் எழுபதை நெருங்கிய கல்வெட்டறிஞர்.

முதல் நாள் துணைவேந்தர் தலைமை. உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்று கேட்டோம். இரண்டாம் நாள் பாதி மண்டபம். மூன்றாம் நாள் நான் எண்ணிப் பார்த்தேன். மேடையில் இருந்த இருவரையும் சேர்த்துப் பதினான்கு பேர். நானும் போயிருக்க மாட்டேன். முதல் நாள் அவர் சொன்ன ஒரு செய்தியைத் தவறாகக் குறித்துக்கொண்டேனோ என்ற ஐயம் இருந்தது, அதைக் கேட்டுத் தெளியத்தான் போனேன்.

பெரியவர் மண்டபத்தை ஒருமுறை பார்த்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "எல்லாரும் முன்னால் வந்துவிடுங்கள், இன்று காட்ட வேண்டியது ஒன்று இருக்கிறது" என்றார். துணிப்பையிலிருந்து ஒரு தாள்சுருளை எடுத்தார். எங்களில் நால்வரை அழைத்து ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஒரு முனை என் கையில் வந்தது.

அதுவரை நான் மைப்படியைக் கண்ணால் கண்டதில்லை. கல்லைத் தண்ணீர்விட்டுத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் படியவைத்து, தூரிகையால் தட்டித்தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, ஈரம் காய்வதற்குள் மைப்பொதியால் ஒற்றி எடுப்பார்கள். கல்லின் மேடு கறுப்பாக விழும். எழுத்து வெட்டிய பள்ளம் வெள்ளையாக நிற்கும். என் கட்டைவிரலுக்கு அருகில் ஒரு வட்டெழுத்து இருந்தது, சுருண்டு படுத்த அட்டையைப் போல. அதன் வளைவுக்குள் ஓர் இடத்தில் தாள் கிழிந்து, பின்னால் சோற்றுப்பசையில் ஒட்டு போட்டிருந்தது. எத்தனை ஆண்டு எத்தனை ஊருக்கு இந்தத் தாளைச் சுமந்து போயிருக்கிறார் என்று அந்த ஒட்டைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது.

"இது எந்த ஊர்க் கல் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார். மானூர்.

பள்ளி நாளில் அந்தச் சிவன் கோயிலுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். அங்கே எழுத்து இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. மாறன் சடையன் என்ற பாண்டியன் காலம். ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்த ஊர் மகாசபை தனக்குத் தானே விதித்துக்கொண்ட விதிகளை அந்தக் கல் சொல்கிறது. நிலத்தில் பங்கு உள்ளவராயினும் கற்றவரும் ஒழுக்கமுடையவருமே சபையில் அமர்ந்து பேசலாம். அங்கே கொண்டுவரப்படும் ஒவ்வொரு காரியத்துக்கும் 'அன்று, அன்று' என்று மறுப்பையே தொழிலாகச் செய்து முட்டுக்கட்டை போடுபவரும், அவருக்குத் துணை நிற்பவரும், அப்படிச் செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் 5 காசு தண்டம் கட்ட வேண்டும். கட்டிய பிறகும் அதே விதிக்குக் கட்டுப்பட்டே இருக்க வேண்டும்.

பெரியவர் இதை முதல் நாள் கூட்டத்துக்கு வைத்திருந்தால் கைதட்டல் மண்டபத்தை அதிரவைத்திருக்கும். அவர் வரிசை மாற்றவில்லை. கல்லின் காலமுறைப்படி எது மூன்றாம் நாளுக்கு வரவேண்டுமோ அது மூன்றாம் நாள் வந்தது. ஆயிரம் பேருக்கு எத்தனை ஆயத்தமோ அத்தனை ஆயத்தம் பன்னிரண்டு பேருக்கும் இருந்தது. உழைப்பின் நேர்மை என்றால் என்ன என்பதை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் அந்த மாலை என் வாழ்க்கையைத் திருப்பியது அவர் பேச்சால் அன்று. பேச்சு முடிந்ததும் இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். குரல் நடுங்கியது. "ஐயா, அந்தச் சபையில் இடமில்லாதவர்கள் எங்கே போய்ப் பேசினார்கள்?" என்றாள்.

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அதற்கு இந்தக் கல்லில் விடை இல்லை அம்மா. நாற்பது ஆண்டுகளாக இந்தக் கல்லைப் படிக்கிறேன். அதை நான் தேடவும் இல்லை" என்றார்.

அவள் கேட்டது என்னை விடவில்லை. மானூர் போன்ற பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்க்குத் தானமாக விட்ட ஊரின், மகாசபை நிலம் உடையவர்களின் சபை. அந்த நிலத்தை உழுதவனுக்கு அங்கே பாய் விரித்திருக்க மாட்டார்கள். அவன் பேச்சு எந்தக் கல்லிலாவது ஏறியதா? தேடத் தொடங்கினேன். ஆடுதுறை, கொருக்கை போன்ற ஊர்க் கோயில்களில் 1429ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வலங்கைப் பிரிவினரும் இடங்கைப் பிரிவினரும் பகையை ஒதுக்கிவைத்து ஒன்றுகூடி, அதிகாரிகளும் நிலவுடைமையாளரும் செய்த வரிக்கொடுமைக்கு இனிப் பணிவதில்லை என்று முடிவெடுத்துக் கல்லில் வெட்டியவை. அவற்றின் முன்னால் நான் போய் நின்றபோது அந்தக் கேள்வி பிறந்து பதினோர் ஆண்டு ஆகியிருந்தது. கேட்டவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. விடையின் ஒரு துண்டு கிடைத்தது என்று அவளிடம் சொல்ல முடியவில்லையே என்ற குறை இன்றும் உண்டு.

உங்களில் பலர் இப்போது கல்லூரிகளில் இருக்கிறீர்கள். சொற்பொழிவு என்றாலே வருகைப் பதிவேட்டுக்காக ஓட்டிக்கொண்டுபோய் உட்காரவைக்கப்படும் இடம் என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருக்கிறது. அந்த எண்ணத்தை உண்டாக்கியதில் எங்கள் தலைமுறைக்குப் பங்கு உண்டு, அதை மறுக்கமாட்டேன். ஆனாலும் இந்தச் சொற்பொழிவு வழக்கம் எங்கிருந்து எப்படி வந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. கடற்கரையில் கட்டடக் கலைஞர் சிஸம் கட்டிய செனட் மண்டபம் 1879இல் முடிந்தது. தொடக்கத்தில் பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் இடம் மட்டுமே. பாடம் சொன்னவை கல்லூரிகள். பின்னால் ஆய்வுத் துறைகள் வந்தன, செல்வர்களும் நண்பர்களும் வைத்த அறக்கட்டளைகள் வந்தன. மாணவர் அல்லாத ஒருவர் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து அறிஞரின் எதிரில் அமர வழி செய்தவை இந்தச் சொற்பொழிவுகளே. உ.வே. சாமிநாதையர் 1927இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆற்றிய சொற்பொழிவுகள்தாம் பிறகு 'சங்கத்தமிழும் பிற்காலத்தமிழும்' என்ற நூலாயின. அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர் அல்லர். திண்ணையிலும் மடத்திலும் படித்தவர். ஐந்து ஆண்டு கழித்து, 1932இல், அதே பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். 1942 ஏப்ரலில் ஜப்பான் படை கரையிறங்கும் என்ற அச்சத்தில் சென்னை நகரம் பாதி காலியானது. வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஜனங்கள் ரயிலேறினார்கள். அந்த 1942–43ஆம் ஆண்டுக்கான சர் வில்லியம் மேயர் சொற்பொழிவை நிகழ்த்தியவர் வரலாற்றறிஞர் ஆர்.சி. மஜும்தார். பொருள், கம்புஜ தேசத்தின், அதாவது இன்றைய கம்போடியாவின், பழைய வரலாறு. எந்தப் படைக்கு அஞ்சி ஊர் ஓடியதோ அந்தப் படை அப்போது கம்போடியாவில் நின்றுகொண்டிருந்தது. 1944இல் அந்தச் சொற்பொழிவு நூலாக வந்தது. அதே அறக்கட்டளையின் 1946–47ஆம் ஆண்டுச் சொற்பொழிவில் நீலகண்ட சாஸ்திரியார் ஸ்ரீவிஜயத்தின் வரலாற்றைச் சொன்னார். அது 1949இல் அச்சேறியது. இரண்டையும் நான் மாணவனாக நூலகத்தில் புரட்டியிருக்கிறேன். நாளை என்ன ஆகுமோ என்று தெரியாத காலத்திலும் ஒரு பல்கலைக்கழகம் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய செய்தியை நிதானமாகப் பேச ஏற்பாடு செய்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

கூட்டம் குறைந்தால் மனம் குன்றுகிறவர்களுக்கு நான் எடின்பரோவைச் சொல்வது வழக்கம். ஆடம் கிஃபோர்டு என்ற நீதிபதி 1887இல் மறைந்தபோது ஸ்காட்லாந்தின் நான்கு பல்கலைக்கழகங்களுக்கு 80,000 பவுன் எழுதிவைத்தார். மாணவராகப் பதிவு செய்யாதவரும் வந்து கேட்கலாம், பேச்சு பொதுமக்களுக்கானதாக இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அந்த வரிசையில் 1927–28இல் தத்துவ அறிஞர் வைட்ஹெட் எடின்பரோவில் பேசினார். முதல் நாள் திரண்ட கூட்டம் நாளாக நாளாகக் கரைந்து கடைசியில் ஐந்தாறு பேரே எஞ்சினர் என்று சொல்வார்கள். 1929இல் அந்தப் பேச்சு நூலாகி, இன்றுவரை தத்துவ மாணவர்கள் மல்லுக்கட்டும் நூலாக நிற்கிறது. பேச்சு பொதுமக்களுக்கு எட்டவில்லை என்பது உண்மை. அதைக் குறையாகவே கொள்ள வேண்டும். ஆனால் எஞ்சிய அந்த ஐந்தாறு பேரை நான் வணங்குகிறேன்.

இனி என் பிழை ஒன்றைச் சொல்லவேண்டும்.

1977ஆம் ஆண்டு. கல்லூரி ஆசிரியனாகி ஆறு ஆண்டு. ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்கில் மூவர் பேசும் ஓர் அமர்வு. ஆளுக்கு இருபது நிமிடம், கடைசியில் கலந்துரையாடல். முதலில் பேசியவன் நான். நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பதினெட்டாம் நிமிடத்தில் அமர்வுத் தலைவரிடமிருந்து துண்டுச் சீட்டு வந்தது: 'இன்னும் இரண்டு நிமிடம்'. அதை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் படித்தேன். இரண்டாம் சீட்டு வந்தது. அதையும் முதல் சீட்டின்மேல் வைத்தேன். மூன்றாவதில் எழுத்தே இல்லை. வெறும் கோடு இழுத்திருந்தார். நான் நிறுத்தியபோது நாற்பத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

எனக்கு அடுத்தவரும் தம் நேரத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. மூன்றாவதாகப் பேச வேண்டியவர் ஒரு மூத்த பேராசிரியை. மதுரையிலிருந்து இரவு முழுதும் பஸ்ஸில் வந்தவர். அவருக்குக் கிடைத்தது ஏழு நிமிடம். கையிலிருந்த தாள்களை அடுக்கி நாற்காலியிலேயே வைத்துவிட்டு மேடைக்கு வந்தார். கோயில் கணக்குகளில் தேவரடியார் பெயர்கள் எப்படி எழுதப்பட்டன என்ற ஒன்றை மட்டும், ஒரே ஒரு கல்வெட்டைக் கொண்டு, அந்த ஏழு நிமிடத்தில் சொன்னார். பிற்பகல் தேநீரின்போது எல்லாரும் அவரைச் சுற்றித்தான் நின்றார்கள். என் நாற்பது பக்கத்தைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் மன்னிப்புக் கேட்டு அவருக்கு எழுதினேன். ஒரு வாரத்தில் இன்லண்டில் பதில் வந்தது. கோபம் எதுவும் இல்லை. 'இனி நீங்கள் அமர்வுக்குத் தலைமை ஏற்கும் நாள் வரும். அப்போது கடைசியில் பேசுபவரின் நேரத்துக்கு நீங்கள் காவல் நில்லுங்கள்' என்று மட்டும் எழுதியிருந்தார். அன்று முதல் நான் தலைமை ஏற்ற எந்த அமர்விலும் சீட்டு எழுதியதில்லை. நேரம் ஆனதும் எழுந்துபோய்ப் பேசுபவரின் பக்கத்தில் நிற்பேன். பெரிய பெயர் உள்ளவர்கள் சிலர் என்மேல் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்தை நான் தாங்கிக்கொண்டேன்.

மேடையில் நீங்கள் கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் அடுத்தவன் மடியிலிருந்து எடுத்தது. ஒரு மணி நேரப் பேச்சுக்கு எழுதிய தாள் இருபதைத் தாண்ட வேண்டாம். எழுதியதைக் கொல்லைப்புறத்தில் நின்று உரக்கப் படித்துப் பாருங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். சொல்ல முடியாமல் விட்ட செய்தி வீணாவதில்லை. அது கேள்வி நேரத்தில் உங்களுக்குத் துணை நிற்கும்.

கேள்வி என்றேன். நம் மொழியில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். செவியால் கேட்பதும் கேள்வி, வாயால் கேட்பதும் கேள்வி. வள்ளுவர் 'கேள்வி' என்று அதிகாரம் வைத்தது முதற்பொருளுக்கு. கல்வியையும் கல்லாமையையும் சொன்ன கையோடு அதை வைத்தார். இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் என் அனுபவத்தில் அவை இரண்டும் ஒரே செயலின் முன்பாதியும் பின்பாதியுமாகவே இருந்திருக்கின்றன. முழுதும் செவிகொடுத்தவன் கேட்கும் கேள்வி இரண்டு வரியில் முடிந்துவிடும். செவிகொடுக்காதவன் எழுந்தால் அது இன்னொரு சொற்பொழிவாகிவிடும். மைக் கைக்கு வந்ததும் தன் நூல்களின் பெயரைச் சொல்லி, தன் ஊரைச் சொல்லி, பத்து நிமிடம் கழித்து 'இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன' என்று உட்காருபவர்களை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறேன். மானூர்ச் சபையார் அறியாமல் வைத்ததன்று அந்த 5 காசு.

களவியல் உரையில் வரும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இறையனார் களவியலுக்கு நாற்பத்தொன்பது புலவர்களும் உரை கண்டு, எது மெய்யுரை என்று தீர்க்க முடியாமல் நின்றார்கள். தீர்ப்புச் சொல்ல உருத்திரசன்மன் என்ற ஊமைப்பிள்ளையை உயர்ந்த இடத்தில் இருத்தினார்கள். ஒவ்வொருவராக உரைத்தார்கள், பிள்ளை வெறுமனே இருந்தான். மருதனிள நாகனார் உரைத்தபோது சில இடங்களில் மட்டும் கண்ணீர் வார்ந்து மெய் சிலிர்த்தான். நக்கீரர் உரைத்தபோது சொல்தோறும் அப்படி இருந்தான். அதுவே மெய்யுரை என்று எல்லாரும் ஏற்றார்கள். இது நடந்ததா இல்லையா என்பது வேறு. புலவர்களின் தலைக்குமேல் கேட்பவனை உட்காரவைத்த சமூகம் இது, அவனுக்கு வாயும் இல்லை என்று வைத்துக் கதை சொன்ன சமூகம் என்பதைத்தான் நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

அதோடு நன்னூலையும் சொல்வேன். பவணந்தியார் கணக்கில், ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால்பங்கு. உடன் படிப்பவரோடு கூடிப் பேசிப் பயிலும்போது இன்னொரு கால். மீதி அரைப்பங்கு தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது. சொற்பொழிவு முடிந்ததும் செருப்பைத் தேடி ஓடுகிறவன் முக்கால் பங்கை மண்டபத்திலேயே விட்டுவிட்டுப் போகிறான். படிக்கட்டில் நின்று பேசுங்கள். விடுதிக்குப் போய், வராத நண்பனிடம் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது எங்கே தடுக்குகிறதோ அங்கேதான் உங்களுக்குப் புரியவில்லை என்று அறிந்துகொள்வீர்கள். ஊரடங்குக் காலத்தில் இணையவழிச் சொற்பொழிவுகள் பெருகி, பெயரைப் பதிந்தாலே சான்றிதழ் வந்து விழுந்தது. அந்தச் சான்றிதழ்களை நீங்கள் வைத்திருங்கள், வேலைக்கு உதவலாம். அவற்றில் எதைப் பற்றியாவது அன்றிரவு யாரிடமாவது பேசினீர்களா என்பது ஒன்றுதான் நான் உங்களிடம் கேட்பது.

என் கல்லூரியில் ஓர் அறக்கட்டளையை நான் இருபத்து மூன்று ஆண்டு நடத்தினேன். அதை நிறுவியவர் செல்வர் இல்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் மனைவி. கணவர் இறந்தபின் வந்த பணத்தில் 5,000 ரூபாயைத் தனியே எடுத்து, 1983இல் முதல்வர் அறைக்கு வந்து, ஒரு மஞ்சள் பையிலிருந்து மேசைமேல் வைத்தார். "அவுக படிக்க ஆசப்பட்டாக, காலேசுக்குள்ள வர முடியல. வருசத்துக்கு ஒருதரம் நல்லதா நாலு வார்த்தை இங்கன பேசட்டும்" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். ஆண்டு வட்டி ஐந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல். அழைப்பிதழ் அச்சு, பேச்சாளரின் ரயில் கட்டணம், மதிப்பூதியமாக ஒரு சிறு உறை, எல்லாருக்கும் தேநீர். முதல் சில ஆண்டு சரியாக இருந்தது. பின்னால் விலைகள் ஏறின, வட்டி இறங்கியது. முதலில் பொன்னாடையை நிறுத்தினேன். அடுத்து வாழ்த்துரைகளை நிறுத்தினேன். அதற்குச் செலவில்லை, ஆனால் வரவேற்புரை, தலைமையுரை, மூன்று வாழ்த்துரை, அறிமுகவுரை எல்லாம் முடிந்து பேச்சாளர் எழும்போது மாணவர் முகம் வாடியிருக்கும். வரவேற்புக்கு இரண்டு நிமிடம், நன்றிக்கு இரண்டு நிமிடம். மற்ற நேரம் முழுதும் பேச்சாளருக்கும் கேள்விக்கும். இதைச் செய்ய நான் கேட்ட ஏச்சு கொஞ்சம் இல்லை. நிலைத்து நின்றால் ஏச்சும் ஓய்ந்துவிடும். நிறுத்திய மூன்றாம் ஆண்டிலிருந்து எல்லாரும் அதுதான் வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த அம்மா ஒவ்வோர் ஆண்டும் வருவார். முதல் வரிசையில் உட்காரமாட்டார். நான்காம் வரிசையில் சன்னலோரம். மாணவர்கள் அவரை ஆச்சி என்பார்கள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். மடியில் கோடு போட்ட நோட்டு ஒன்று இருக்கும், கையில் பென்சில். ஓராண்டு ஐப்பசி மழையில் தாமிரபரணி கரைபுரண்டு பஸ் ஓடவில்லை. பேச்சாளர் முந்தின இரவே வந்துவிட்டார். ஒத்திவைக்கலாம் என்றார்கள். ஆச்சி அந்த மழையில் முட்டளவு தண்ணீரில் நடந்து, நனைந்த சேலையோடு நான்காம் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். நடத்தினோம். விடுதி மாணவர்கள் எட்டுப் பேர், ஆச்சி, நான். மின்சாரம் போய்விட்டது; மைக் இல்லை. பேச்சாளர் மேடையிலிருந்து இறங்கி வந்து பெஞ்சில் அமர்ந்து பேசினார். ஒன்றரை மணி நேரம் ஒருவரும் அசையவில்லை.

நோட்டில் என்ன எழுதுகிறீர்கள் என்று அன்று கேட்டேன். பேச்சின் சுருக்கம் என்று நினைத்திருந்தேன். அவர் சிறிது கூச்சத்தோடு சொன்னார்: "பெரியவுக பேசுதது எனக்குப் பாதிதான் வெளங்கும்யா. பிள்ளைய கேக்கது முழுசா வெளங்கும். அதத்தான் எழுதி வச்சிக்கிடுதேன்."

ஆச்சி 2004இல் காலமானார். பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போயிருந்தபோது அவர் மகன் அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். பழுப்பு அட்டை, ஓரம் எண்ணெய்க் கறை. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு பக்கம். மேலே தேதி, தமிழ் மாதம், வந்தவர் எண்ணிக்கை. பேச்சாளரின் பெயர் சில பக்கங்களில் இல்லை. கேள்விகள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக, எழுத்துப் பிழையோடு, ஒன்றுவிடாமல். கப்பலோட்டியவருக்கு ஊர்க்காரர்கள் கடைசிக் காலத்தில் ஏன் உதவவில்லை? ஆறு தெய்வம் என்றால் சாயத்தண்ணீரை யார் விட்டார்கள்? ராணி மங்கம்மாள் போட்ட சாலைக்குக் கல் சுமந்தவர்களுக்குக் கூலி உண்டா? மழை பெய்த ஆண்டுப் பக்கத்தில் ஐந்து கேள்வி இருக்கிறது. எட்டு மாணவர்களுக்கு ஐந்து கேள்வி. முந்நூறு பேர் வந்த ஆண்டுப் பக்கத்தில் ஒன்றே ஒன்று, அதையும் கேட்டவர் ஓர் ஆசிரியர்.

மீதிப் பக்கங்களில் நான் எழுதிவருகிறேன். பணி ஓய்வுக்குப் பிறகும் அந்த நாளுக்கு மட்டும் கல்லூரிக்குப் போகிறேன். சன்னலோரம் நான்காம் வரிசை எனக்கு.

சென்ற ஆண்டு அதே அறக்கட்டளையில் என்னையே பேசச் சொன்னார்கள். மானூர்க் கல்லைப் பற்றிப் பேசினேன். பெரியவரின் மைப்படி இப்போது யாரிடம் இருக்கிறதோ. நான் திரையில் ஒரு படத்தைக் காட்டினேன். விதிகளைச் சொன்னேன், தண்டத்தைச் சொன்னேன், சபையில் இடமில்லாதவர்களையும் சொன்னேன். முடித்ததும் கடைசி வரிசையில், கதவை ஒட்டி, முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். மைக் அவளிடம் போய்ச்சேரும்வரை காத்திருக்கவில்லை.

"ஐயா, அந்த 5 காசு தண்டத்தை யாராவது எப்போதாவது கட்டினார்களா?"

தெரியாது அம்மா என்றேன். வீட்டுக்கு வந்து பென்சிலைச் சீவி, தேதியும் மாதமும் போட்டு, வந்தவர் அறுபத்திரண்டு என்று எழுதி, அதன்கீழ் அவள் கேட்டதை அவள் சொன்ன சொல் மாறாமல் எழுதினேன். கல்வெட்டு அறிக்கைத் தொகுதிகளை மறுநாள் காலையில் பரணிலிருந்து இறக்கச் சொல்லியிருக்கிறேன் என்று மகனிடம் ஞாபகப்படுத்திவிட்டுப் படுத்தேன்.